அமாவாசையன்று வெந்நீர் வராது

1

என் அண்ணன் சிதம்பரநாதன் 3-12-2005 தேதியிட்டு எழுதிய கடிதம் 19-12-2005 திங்கட்கிழமை யாங்கோனில் என் கைக்குக் கிடைத்தது. பதினாறு நாள். நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் இடையே இது மோசமான வேகமில்லை. கடிதத்தில் தேவையான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்:

"ஓய்வு பெற்றவன் வெளிநாடு போகக்கூடாது என்று சட்டம் இல்லாததால் அங்கே வருகிறேன். அப்பாவின் திதி தை அமாவாசை. இந்த முறை இருவரும் சேர்ந்து அங்கேயே கொடுக்கலாம். எனக்கு இழுப்பு உண்டு என்பது உனக்குத் தெரியும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர் ஆகாது. 'இங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் வெந்நீர் கொட்டும்' என்று 12-8-2003 கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ எழுதுவதில் எது உண்மை என்பதை இம்முறை குழாயைத் திறந்தே தெரிந்துகொள்கிறேன். கொட்டினால் திதி அங்கே. கொட்டாவிட்டால் நான் ஊர் திரும்பிவிடுகிறேன். பதினான்கு வருடமாக நடப்பதுபோல நீ அங்கே கொடு, நான் இங்கே கொடுக்கிறேன்."

அண்ணன் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வந்த கடிதங்களையெல்லாம் வருட வாரியாகக் கட்டி வைத்திருப்பவர். நானும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. தேதிகள் உண்டு.

"நீ எழுதுவதில் எது உண்மை" என்பது சும்மா எழுதியதல்ல. 1991இல் பருப்பு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் தரம் பார்க்கும் ஆளாக நான் இங்கே வந்தேன். அந்த வருடம் நவம்பர் 11ஆம் தேதி வசந்தாவைத் திருமணம் செய்துகொண்டேன். அவள் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து, 2-12-1991 அன்று அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், "நலம். இங்கே புதிதாக ஒன்றுமில்லை" என்று எழுதினேன். சொல்ல வேண்டியதை அடுத்த கடிதத்தில் பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் பக்குவமில்லாத வேறொருவர் ஊரில் போய்ச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் என் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பதிலும், "உன் கடிதம் கண்டேன். அதில் கண்டவை உண்மையாயின் மகிழ்ச்சி" என்றே ஆரம்பிக்கும்.

அதனால்தான், கடிதத்தை வாங்கிப் படித்த வசந்தா, "இதுக்கு என்ன இவ்ளோ யோசன? ஒரு அண்டாத் தண்ணிய அடுப்புல வச்சா வேல முடிஞ்சிச்சு" என்றபோது, நான் மறுத்தேன்.

"அண்டாவுல காச்சினா அது வெந்நீர். குழாயில வந்தாத்தான் அது உண்மை" என்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒடம்புல எங்கயோ ஆணி கழண்டிருக்கு" என்றாள் அவள்.

2

அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பருப்புக் கம்பெனி மூடிய பிறகு நான் ஒரு விருந்தினர் விடுதியின் மேலாளரானேன். இன்செய்ன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது விடுதி. முன்கட்டில் ஏழு அறைகள். பின்கட்டில் நானும் வசந்தாவும் மகளும் குடியிருக்கிறோம். வெளிநாட்டுக்காரரை வீட்டில் இரவு தங்கவைக்க இங்கே அனுமதியில்லை. உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும். ஆகவே சொந்த அண்ணன் வந்தாலும் என் வீட்டில் படுக்க முடியாது. வீட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, எட்டாம் எண் அறையில் படுக்கலாம். எட்டாம் எண் அறைதான் அந்த டிரெய்லர்.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீடு அது. கட்டில், அடுப்பு, அலமாரி, பீரோ அளவுக்கு ஒரு குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடி வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, தேடியது கிடைக்காமல் கிளம்பும்போது ஆற்றின் அக்கரையில் தன்லியினில் ஒரு முற்றத்தில் விட்டுவிட்டுப் போனது. எங்கள் முதலாளி ஊ தெய்ன் (இங்கே 'ஊ' என்பது நம் 'திரு' போல) 2001 மே மாதம் அதை வாங்கி, பாலத்தைக் கடந்து இழுத்து வந்தார். பாலத்தில் நிறுத்தி, "இது வண்டியா, வீடா?" என்று கேட்டார்கள். வண்டி என்றால் எண் வேண்டும். வீடு என்றால் எதற்குப் பாலத்தின் மேல் இருக்கிறது? முதலாளி "சாமான்" என்று சொல்லிக் கடந்தார்.

உரிமத்தில் எட்டாவது அறையாகச் சேர்க்கப் பார்வையிட வந்த அதிகாரி இன்னும் ஆழமாக யோசித்தார். சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். "அறை இடத்தைவிட்டுப் போகக்கூடியது. போனால் விருந்தினரும் போவார். நான் பதிவேட்டில் அவரை எந்தத் தெருவில் எழுதுவது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சக்கரங்களைக் கழற்றி, செங்கல் தூண்களின் மேல் ஏற்றிவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நான்கு சக்கரங்களும் இன்றும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

அப்போது டிரெய்லரில் உள்ள எல்லாவற்றையும் நான் பட்டியல் எடுத்தேன். பின்சுவரில் இடுப்பு உயரத்தில் முழச் சதுரத்தில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் திறக்க முயன்றேன், வரவில்லை. "மின்சாரப் பெட்டி, பயன்பாட்டில் இல்லை" என்று எழுதினேன். தேதி 6-5-2001. கையெழுத்து என்னுடையதுதான். இது பின்னால் தேவைப்படும்.

2003இல் அண்ணனுக்குப் பெருமையாக எழுதியது இந்த டிரெய்லரின் வெந்நீரைப் பற்றித்தான். எழுதிய அன்று கொட்டியது. அதற்குப் பிறகு தொடர்ந்து கொட்டியதா என்று நான் பார்க்கவில்லை. எட்டாம் அறைக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் இந்த ஊர் வெக்கைக்கு வெந்நீர் கேட்பதில்லை.

3

20-12-2005 முதல் நான் தினமும் காலை ஐந்து மணிக்கு டிரெய்லரின் காஸ் கொதிகலனைப் பற்றவைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, ஆறேகாலுக்கு அங்கே குளித்தேன். தனியாக ஒரு குறிப்பேடு போட்டேன். தேதி, கிழமை, காஸ் அளவு, மின்சாரம் இருந்ததா, பம்பு ஓடியதா, எத்தனை நிமிடம் சூடு.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்ளோ சுத்தமா இல்ல" என்றாள் வசந்தா.

முதல் நான்கு நாளும் வெந்நீர் குறையில்லாமல் வந்தது. 24ஆம் தேதி, சனிக்கிழமை, தலையில் சோப்புப் போட்டிருந்த நேரத்தில் போய்விட்டது. முழுக்கவும் போகவில்லை. சூடு, வெதுவெதுப்பு, பச்சை, மறுபடி வெதுவெதுப்பு என்று மாறி மாறி வந்தது. முழுக்கக் குளிர்ந்திருந்தால்கூட மனம் ஒப்புக்கொண்டிருக்கும்.

கோ மாணிக்கத்தை, அதாவது மாணிக்கம் அண்ணனை, வரவழைத்தேன். பம்பு, ஜெனரேட்டர், கோயில் மைக்செட் எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு அவர்தான். எதைச் சொன்னாலும் முதலில் "யாதே" என்பார். "ஆகும், முடியும், பரவாயில்லை" என்று எல்லாவற்றுக்கும் பொதுவான பர்மியச் சொல் அது. கொதிகலனின் தீக்குழலைக் கழற்றி ஊதினார். உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"பாத்தியளா, குடும்பத்தோட இருக்கு" என்றார். "இது இருக்கறப்ப நெருப்பு எப்படி மூச்சு விடும்? யாதே, இனிமே வராட்டி என்னயக் கேளுங்க."

மறுநாள் வெந்நீர் கொட்டியது. ஐந்து நாள் கொட்டியது. 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை நின்றது. கேட்டேன்.

டிரெய்லரோடு வந்த கையேட்டில் ஒரே ஒரு தாள்தான் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது. பனி உறையும் காலத்தில் கொதிகலனை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லும் தாள் அது. யாங்கோனில் அதற்கு வேலையில்லை என்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அதில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் கொதிகலனுக்குப் பின்னால் மூன்று வால்வுகள் இருப்பதே தெரிந்தது. பனிக்காலத்தில் தண்ணீர் கொதிகலனுக்குள் போகாமல் சுற்றிப் போவதற்கானவை. அதில் ஒன்று பாதி திறந்திருந்தது. மாணிக்கம் அதை மூடினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு ஏழு நாள் வெந்நீர் வந்தது. ஜனவரி 7, சனிக்கிழமை நின்றது.

10ஆம் தேதி தொட்டியையே திறந்து கழுவினோம். அரை வாளி சுண்ணாம்பு வந்தது. "இத வச்சு ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கலாம்" என்றார் மாணிக்கம். பிறகு 14ஆம் தேதி, பொங்கலன்று, சனிக்கிழமை, மறுபடி நின்றது.

எங்கள் ஒவ்வொரு வைத்தியமும் ஏறக்குறைய ஒரு வாரம் வேலை செய்தது. ஒவ்வொன்றும் உண்மையான கோளாறுதான். ஒன்றும் அந்தக் கோளாறு இல்லை.

குறிப்பேட்டை வசந்தாவிடம் காட்டினேன். நான்கில் மூன்று சனிக்கிழமை.

"சனியன் புடிச்சிருக்குன்னு நான் மொதல்லயே சொன்னேன்" என்றாள்.

"வெள்ளிக்கிழம ஒண்ணு இருக்கே."

"அது சனிக்கிழமைக்கு வர்ற வழியில நின்னிருக்கும்."

அதற்குப் பதிலாக நான் வேறொரு கொள்கை வகுத்தேன். வார இறுதியில் சந்திலுள்ளவர்கள் அதிகம் தண்ணீர் இழுப்பதால் பம்பில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் தீ அணைகிறது. கேட்க நன்றாக இருந்தது. இரண்டு நாள் அதை நம்பினேன்.

இத்தனையையும் என் மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் தேன்மொழி, பள்ளியில் மா தீரி. டிசம்பரில் பதின்மூன்று முடிந்தது. தமிழ் அவளுக்குப் புரியும். பேசுவது பர்மிய மொழியில். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மிய மொழியில் சொல்வாள், எங்களுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் மாணிக்கமும் வெந்நீரைப் பற்றி எவ்வளவோ பேசினோம். எல்லாம் தமிழில், அதிலும் வால்வு, குழல், அழுத்தம். அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. டிரெய்லரில் எதையும் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதை அவள் டிரெய்லருக்குள் எதையும் தொடக்கூடாது என்று எடுத்துக்கொண்டாள்.

4

ஜனவரி 18, புதன்கிழமை, கொல்கத்தா வழியாக அண்ணன் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. பதினைந்து வருடம் கழித்துப் பார்க்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "ஃபிளைட் லேட்டோ?" என்றேன்.

"இருவத்தேழு நிமிஷம்" என்றார். எங்களுக்குள் பனி அப்போதே கொஞ்சம் கரைந்தது.

வசந்தா காலில் விழுந்தாள். "இருக்கட்டும்மா" என்றார். தேன்மொழி இந்த ஊர் வழக்கப்படி மண்டியிட்டு மூன்று முறை கும்பிட்டாள். அண்ணன் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனார். "கோயில்ல கும்பிடற மாதிரி கும்பிடறா. என்னடா இது?"

"பெரியவங்களுக்கு இங்க அப்படித்தான், மாமா" என்றாள் வசந்தா.

"பேசமாட்டாளா?"

"பெரியப்பா, சாப்டாச்சா" என்றாள் தேன்மொழி. அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. மாலை நான்கு மணிக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் அண்ணன், "ஆச்சும்மா" என்றார்.

19, 20, 21 மூன்று நாளும் வெந்நீர் அபாரமாக வந்தது. ஒவ்வொரு நாளும் டிரெய்லருக்கு வெளியே நான் கைக்கடிகாரத்தோடு நிற்பேன். அண்ணன் குளித்துவிட்டு வந்து, "ம்" என்பார். முப்பது வருடம் ரயில்களைச் சரியான நேரத்துக்கு விட்டவர். அவர் "ம்" சொன்னால் பச்சைக் கொடி. 26ஆம் தேதி விமானத்தில் ஓர் இடம் சொல்லி வைத்திருப்பதாகவும், அதை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் 21ஆம் தேதி இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்.

22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, டிரெய்லருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு இருமல். பிறகு கதவு திறந்தது. துண்டோடு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அதற்கும் மேலே ஏதோ ஒன்று இருந்தது: எதிர்பார்த்தது நடந்துவிட்ட நிம்மதி.

"நலம். புதிதாக ஒன்றுமில்லை" என்றார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய என் வரி.

வேறு வழியில்லாமல் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதமாக நான் குளித்த கணக்கு முழுக்க அதில் இருந்தது. வராத நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். நான் மறைக்கவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். அண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டு, நின்றபடியே படித்தார். அப்புறம் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து பாக்கெட் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். விரலால் ஓட்டிக்கொண்டே போனார்.

"டிசம்பர் 24 என்ன?"

"சனிக்கிழமை."

"அஷ்டமி. 30?"

"வெள்ளி."

"அமாவாசை. ஜனவரி 7 அஷ்டமி. 14 பௌர்ணமி. இன்னிக்கு அஷ்டமி." பஞ்சாங்கத்தை மூடினார். "ஏன்டா, தேதி எழுதியிருக்க, கிழம எழுதியிருக்க, காஸ் எத்தன கிலோன்னு எழுதியிருக்க. திதி எழுதல. அப்பா இருந்தா உன்ன என்ன சொல்லுவாரு?"

நான் படித்தவன். கொதிகலனுக்கு நாள் நட்சத்திரம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் கையெழுத்திலேயே நான்கு சிவப்பு வட்டங்கள் இருந்தன, ஐந்தாவது துண்டோடு எதிரே நின்றது.

மாணிக்கத்துக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கேட்டுவிட்டு, கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், "யாதே. அஷ்டமியில நான்கூட ஜெனரேட்டர்ல கை வைக்கமாட்டேன். ஜெனரேட்டருக்கும் அந்த எண்ணம் இருக்கலாம்ல?" என்றார்.

"அப்ப தை அமாவாசைக்கு வராது" என்றார் அண்ணன். "அன்னிக்குத்தான் திதி."

வசந்தா குறுக்கே வந்தாள். "மாமா, நான் ஒரு அண்டா வெந்நீர்..."

"வேணாம்மா. நீ போடுவ, எனக்குத் தெரியும். உன் பேர்ல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. இவன் குழாயில வரும்னு எழுதினான்." என் பக்கம் திரும்பினார். "26ஆம் தேதி ஃபிளைட்ட விட்டுர்றேன். கணக்கு சரியா வருதான்னு 29 காலையில பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். வந்தா உக்காந்து திதி கொடுக்கலாம். வரலேன்னா நீ உன் பாட்ட பாரு, நான் அடுத்த ஃபிளைட்ட பாக்கறேன். இத்தோட முடிஞ்சது."

அவரை ஒரு வாரம் இங்கே நிறுத்திவைத்தது என் பாசமல்ல, பஞ்சாங்கம். அதற்காவது நன்றி சொல்ல வேண்டும்.

அந்த வாரம் மாணிக்கமும் நானும் டிரெய்லரின் உள்ளே அவிழ்க்காத திருகாணி இல்லை. எதுவும் கிடைக்கவில்லை. ஆறு நாளும் வெந்நீர் வந்தது. வர வர எனக்குப் பயம் கூடியது.

5

29-1-2006, ஞாயிற்றுக்கிழமை, தை அமாவாசை.

நாலரைக்கே கொதிகலனைப் பற்றவைத்தேன். குருக்கள் ஏழரைக்கு வருவதாக ஏற்பாடு. எள், தர்ப்பை, பச்சரிசி எல்லாவற்றையும் வசந்தா முன்கட்டு வராந்தாவில் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு மணைகள் போட்டிருந்தாள். ஒன்றை எடுத்து வைத்துவிட வேண்டியிருக்குமோ என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது. விடுதியில் வேறு அரவமில்லை. காவலாளி ஊ போ தெய்ன்கூட இல்லை. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி ஆகிய நான்கு நாளும் இங்கே பௌத்தர்களுக்கு விரத நாள். அன்றெல்லாம் அவர் விடியுமுன்பே மடத்துக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்புவார். இதை நான் அப்போது இப்படிக் கோவையாக நினைக்கவில்லை. அவர் இல்லை, கேட்டை நான் திறக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

ஆறு மணிக்கு அண்ணன் உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஆவி ஜன்னல் வழியாக வந்தது. நான் அப்பாவைக் கும்பிட்டேன்.

மூன்றாவது நிமிடம் ஆவி நின்றது.

"சோமு" என்றது உள்ளேயிருந்து குரல், மிக அமைதியாக. "அமாவாசை வந்துருச்சுடா."

ஈர வேட்டியோடு, இருமிக்கொண்டே இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே நடந்தார். எங்கே போவது என்று அவருக்கே தெரியாமல் டிரெய்லரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே, நான் மின்சாரப் பெட்டி என்று எழுதிய சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு குழாய்கள். அதிலிருந்து ஒரு நீளமான ரப்பர் குழாயும், நுனியில் பொத்தான் வைத்த ஒரு பூவாளித் தலையும். என் மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மதில்மேல் சாய்ந்து நின்றாள். மதிலுக்கு அந்தப்புறம் சந்தில், மரத்தட்டில் கூரை வைத்து மூன்று மண்பானைகள் இருந்தன. வழிப்போக்கர் குடிப்பதற்குப் பானையில் தண்ணீர் வைப்பது இங்கே பெரிய புண்ணியம். பிறந்தநாளுக்குப் பிள்ளைகள்கூடச் செய்வார்கள். இந்தப் பானைகளை நான் தினமும் பார்த்துக்கொண்டு போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்தது என்று நினைத்திருந்தேன்.

மூன்று பானையிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"என்னம்மா பண்ற?" என்றார் அண்ணன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "பெரியப்பா, குடிக்கறவங்களுக்கு. சுடு தண்ணி நல்லது. பூச்சி இல்ல. டீச்சர் சொன்னாங்க."

"ரோட்டுல போறவனுக்கு வெந்நீர், எனக்குப் பச்சத் தண்ணியா?"

அவளுக்கு அது கேலி என்று தெரியவில்லை. பயந்துபோய், பொத்தானை அழுத்தி அவர் கையில் நீரைக் காட்டினாள். அண்ணன் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரை நீட்டினார். சூடும் பச்சையும் இரண்டு குழாயிலிருந்தும் கலந்து, இழுப்புக்காரனுக்கு இதற்குமேல் யாராலும் விளாவிக் கொடுக்க முடியாத பதத்தில் வந்துகொண்டிருந்தது.

"சோமு."

"அண்ணே."

"இது எதுல வருது?"

"குழாயிலண்ணே."

"ம்" என்றார். மதிலோரம் இருந்த கல்லில், கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். "ஊத்தும்மா."

சந்தில் பிட்சைக்குப் போய்க்கொண்டிருந்த பிக்குகள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடந்தார்கள். பின்னால் சைக்கா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் வந்தவர் அப்படிப்பட்டவரல்ல. வண்டியை நிறுத்திப் பார்த்தார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாங்கோன் சந்தில், பதின்மூன்று வயதுப் பெண் தலைக்குமேல் நீர் பிடிக்க, மந்திரம் சொல்லிக்கொண்டு குளித்தார். பம்புசெட்டில் குளிப்பதுபோல நன்றாக முதுகைத் தேய்த்துக் குளித்தார். இருமல் வரவில்லை.

துவட்டிக்கொள்ளும்போது, பானைத் தட்டின் மேலே ஆணியடித்திருந்த பலகையைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்றார். நீர் வைத்தவர்கள் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதி வைப்பது வழக்கம். நான் அப்போதுதான் முதல்முறையாக அதைப் படித்தேன்.

"ஊ சிதம்பரநாதன், ஊ சோமு, தோ வசந்தா, மா தீரி. குடும்பத்தார் நற்கொடை."

"என் பேரு மொதல்லயா?"

தேன்மொழி பர்மிய மொழியில் ஏதோ சொன்னாள். "பெரியவர் பேரு முதல்ல வரணுமாம்" என்றேன். "உங்க பழைய கடுதாசி உறையில இருந்து பேரை எடுத்துக்கிட்டாளாம்."

"எப்ப எழுதினது?"

கேட்பார் என்று தெரியும். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். பலகையின் கீழ்ப்பகுதியில் தேதி இருந்தது: பர்மிய ஆண்டு 1367, நட்தோ மாதம், தேய்பிறை இரண்டு. விரல்விட்டு எண்ணினேன். அவள் பிறந்தநாள். டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை.

"நான் வர்றேன்னு போட்ட கடுதாசி உனக்கு எப்பக் கெடச்சுது?"

"19ஆம் தேதி. திங்கக்கிழமை."

அண்ணன் பலகையை இன்னொரு முறை பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "குருக்கள் வந்துரப் போறார். நீ இன்னும் குளிக்கல" என்றார்.

நான் டிரெய்லருக்குள் போய்ப் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். இரண்டு மணையிலும் ஆள் உட்கார்ந்தோம்.

6

மாணிக்கம் மத்தியானம் வந்து சின்னக் கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். "பாப்பா ரெண்டு குழாயயும் தொறந்து வச்சிட்டு நுனிப் பொத்தானத்தான் அமுக்கி மூடியிருக்கு. அப்ப சூடும் பச்சயும் இங்க ஒண்ணா கூடி நிக்குது. உள்ள நீங்க சுடு தண்ணியத் தொறந்ததும், பச்சத் தண்ணி இந்த வழியா பூந்து சூட்டுக் குழாய்க்குள்ள ஓடிருது. கொதிகலன்ல ஒரு கொறையும் இல்ல." கொஞ்சம் யோசித்து, "யாதே, சிலந்தி செத்ததுதான் பாவம்" என்றார்.

இரண்டு குழாயையும் மூடியதும் உள்ளே வெந்நீர் நிற்காமல் கொட்டியது. அதைப் பயன்படுத்த ஆளில்லை. பிப்ரவரி 3ஆம் தேதி கிளம்பும்வரை அண்ணன் மதிலோரக் கல்லில்தான் குளித்தார். நீர் பிடிக்கும் நேரத்தில் தேன்மொழிக்குத் திதிகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். அவள் அவருக்குப் பர்மிய எண்களைச் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்குப் போய் அவர் எழுதிய முதல் கடிதம், "உன் கடிதம் கண்டேன். மகிழ்ச்சி" என்று ஆரம்பித்தது. நடுவில் இருந்த மூன்று சொற்களைக் காணோம். கீழே பர்மிய எண்களில் தேதி போட்டிருந்தார். ஓர் எண் தலைகீழாக இருந்தது.

இந்தத் தை அமாவாசையோடு ஒரு வருடம் ஆகிறது. பட்டியலில் "மின்சாரப் பெட்டி" என்பதை அடித்துத் திருத்தி, தேதி போட்டுவிட்டேன். குறிப்பேட்டில் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது.

மற்ற நாள்களில் வெந்நீர் ஏன் வந்தது? தேன்மொழி தினமும் விடியற்காலையில் பானை நிரப்பினாள். தினமும் குழாய்களைத் திறந்தபடியே விட்டதாகத்தான் சொல்கிறாள். பொத்தான் போதும் என்று இருந்திருக்கிறாள். அப்படியானால் நான் குளிக்கப் போவதற்குள் யாரோ வந்து மூடியிருக்க வேண்டும். காவலாளி ஊ போ தெய்ன் தினமும் ஆறு மணிக்கு வளாகத்தைச் சுற்றி வந்து ஒழுகும் குழாய்களையெல்லாம் மூடுவார். விரத நாள்களில் மட்டும் இருக்கமாட்டார். கணக்கு அழகாகப் பொருந்தியது. சிவப்பு வட்டங்கள் அனைத்துக்கும் அது விளக்கம் சொன்னது. எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அவரிடம் போனேன்.

அவர் என்னோடு டிரெய்லரின் பின்பக்கம் வந்தார். சின்னக் கதவைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இங்கே குழாய் இருக்கிறதா?" என்றார்.

வசந்தாவும் மூடவில்லை. மாணிக்கத்துக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. ஆகவே அந்த ஆறு வாரங்களில் விரதமில்லாத நாள்களில் குழாய்களை மூடியது யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. அண்ணன் இதற்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார், பஞ்சாங்கப் பக்கத்தோடு. அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. கிழிக்கவும் இல்லை.